தந்தையும் மகனும் செய்த கிற்றார்



வாத்தியத்தைச் செய்பவர் ஒருவர். அதனை வாசிப்பவர் இன்னொருவர். இதுவே பெரும்பாலும் உலக வழக்கு. வீணை வித்துவானின் பெயரை ஊரறியும். அவர் மடியிலே தவழும் வீணையைக் குடைந்தெடுத்த தச்சனின் பெயரை அறிந்தவர் அரியர். ஆனால், வாசிக்க விரும்பும் ஒருவர் தம் வாத்தியத்தையும் தாமே செய்துகொள்ள நேர்ந்தால் எவ்வாறிருக்கும்? அப்படி நேர்ந்த ஒரு வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். முதன்முறையாக ஒரு மின் கிற்றாரைச் செய்து பார்க்கலாமா என்று எண்ணும் இளைஞர் எவரேனும் கேட்டுக்கொண்டிருப்பாராயின், அவருக்கு இதிலே பயனுள்ள செய்திகள் சில கிடைக்கும்.

1963 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். இலண்டன் மாநகரின் மேற்குப் புறத்திலுள்ள பெல்தம் என்னும் ஊரிலே 16 வயது மாணவர் ஒருவர் இருந்தார். பிரயன் மே என்பது அவர் பெயர். மின் கிற்றார் வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. கடைகளிலே காட்சிக்கு வைத்திருந்த அமெரிக்கக் கிற்றார்களின் விலையோ அக்குடும்பத்தின் கைக்கு எட்டாதது. அவருடைய தந்தை ஹரல்ட் மே, விமானப் போக்குவரத்து அமைச்சிலே வரைவாளராகப் பணியாற்றியவர்; மின்னியலும் தச்சு வேலையும் நன்கு கைவந்தவர். வாங்க முடியாததைச் செய்துகொள்வோம் என்று இருவரும் தீர்மானித்தனர். வீட்டு அறையொன்று பட்டறையாயிற்று. கைக்கருவிகளைக் கொண்டே வேலை தொடங்கிற்று. முடிவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.

மின் கிற்றார் எவ்வாறு ஒலிக்கிறது என்பதை முதலிலே சுருக்கமாகப் பார்ப்போம். வீணைக்கு ஒலி தருவது அதன் குடம். மின் கிற்றாருக்கோ அத்தகைய குடம் தேவையில்லை. உருக்கு நரம்புகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருளும் இருக்கின்றன. நரம்பு அதிரும்பொழுது காந்தப்புலம் அசைகிறது. சுருளிலே நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் நாம் கேட்கும் ஓசை உண்டாகிறது. இதனைச் செய்யும் உறுப்பையே பிக்கப் என்று அழைக்கிறார்கள். இப்பொழுது என் குரலை உங்களுக்குத் தந்துகொண்டிருக்கும் வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலும் காந்தமும் சுருளுமே உள்ளன. அங்கே மின்னோட்டம் அசைவாக மாறுகிறது. கிற்றாரிலே அசைவு மின்னோட்டமாக மாறுகிறது. வேறுபாடு அவ்வளவே.

இனி, மரத்துக்கு வருவோம். குளிர் நாடாகிய இங்கிலாந்தின் பழைய வீடுகளிலே தீ மூட்டிக் குளிர்காயக் கணப்பு ஒன்று இருக்கும். அதன் மேலே அழகான மரப்பலகையைப் பொருத்தியிருப்பார்கள். தெரிந்தவர் ஒருவர் வீட்டிலே வேண்டாமென்று கழித்த அத்தகைய மகோகனிப் பலகை ஒன்று இவர்களுக்குக் கிடைத்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய மரம். அதிலிருந்தே கிற்றாரின் கழுத்தைச் செதுக்கினார்கள். பலகையிலே புழு அரித்த துளைகள் இருந்தன. அவற்றைத் தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதிக்குப் பழைய மேசையொன்றின் ஓக்கு மரம் பயன்பட்டது. அதன் இருபுறமும் ஒட்டுப்பலகையை இணைத்து, மேலே மகோகனி மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டினார்கள். உள்ளே சில வெற்றிடங்களை வேண்டுமென்றே விட்டார்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை வாத்தியத்தைத் தாக்கி, நரம்புகளை மீண்டும் அதிரச் செய்ய வேண்டும் என்பது பிரயனின் விருப்பம். பிறர் குற்றமென்று ஒதுக்கிய அந்த எதிரொலியை அவர் இசையாகக் கருதினார்.

முதன்முறை செய்பவர் மிகவும் அஞ்ச வேண்டிய இடம் மெட்டுகள். நம்முடைய வீணையிலே 24 மெட்டுகள் உள. அவை மெழுகிலே பதிந்திருப்பதால், சுருதி பிசகினால் மெழுகை இளக்கிச் சரிசெய்யலாம். கிற்றாரிலோ அந்தச் சலுகை இல்லை. மரத்தை வாளால் அறுத்து, உலோக மெட்டை அதிலே இறுக்கிவிட்டால், அறுத்தது அறுத்ததுதான். ஆகவே கணக்கு முன்னே செல்ல வேண்டும். வாள் பின்னே செல்ல வேண்டும். பிரயனின் கிற்றாரிலும் மெட்டுகள் 24. நரம்பின் அதிரும் நீளமும் 24 அங்குலம். அந்த நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 1.35 அங்குலம். முதல் மெட்டு அங்கே அமையும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டின் இடம் கிடைக்கும். இவ்வாறே தொடர்ந்தால் 12 ஆவது மெட்டு சரி பாதியாகிய 12 அங்குலத்திலும், 24 ஆவது மெட்டு 18 அங்குலத்திலும் வந்து நிற்கும். அப்படி நில்லாவிடின் எங்கோ தவறியிருக்கிறோம் என்பது பொருள். மெட்டுகளின் இடத்தை விரலுக்குக் காட்டும் வெண்புள்ளிகளைப் பிரயன் தம் தாயாரின் தையற் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களிலிருந்து செய்துகொண்டார்.

அடுத்தது, சுருதியை அசைக்கும் நெம்புகோல். அதனை அழுத்தினால் நரம்புகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய நிலைக்கு மீள வேண்டும். கடையிலே விற்ற கிற்றார்கள் பலவற்றில் அது சரியாக மீள்வதில்லை. காரணம் உராய்வு. ஆறு நரம்புகளும் சேர்ந்து இழுக்கும் விசை 30 கிலோகிராம் நிறைக்குமேல் என்று எண்ணிப் பாருங்கள். தந்தையும் மகனும் உருக்குக் கத்தி விளிம்பொன்றின்மேல் அப்பொறியைச் சமன்செய்து நிறுத்தினர். நரம்புகளின் இழுப்புக்கு எதிராகப் பழைய மோட்டார் சைக்கிளொன்றின் வால்வுச் சுருள்வில்கள் இரண்டைப் பொருத்தினர். நரம்புகள் தங்கும் இடத்திலே சிறு உருளைகளை வைத்தனர். நெம்புகோலின் தண்டு, துவிச்சக்கர வண்டியின் ஆசனப் பையைத் தாங்கும் கம்பி. அதன் நுனியிலே தாயாரின் பின்னல் ஊசித் துண்டு. கிடைத்த பொருள்கள் அற்பமானவை. ஆயினும் அவற்றை இணைத்த சிந்தனை அற்பமானதன்று.

எல்லாம் முதல் முயற்சியிலேயே கைகூடிவிடவில்லை. பிக்கப்புகளையும் பிரயன் முதலிலே தாமே செய்தார். அவை இனிமையாகவே ஒலித்தன. ஆனால் நரம்பை விரலாற் பக்கவாட்டில் வளைத்தபொழுது வேண்டாத ஓசையொன்று கலந்தது. அவர் பயன்படுத்திய காந்தங்களின் முனைகள் அமைந்திருந்த முறையே அதற்குக் காரணம். உழைத்துச் செய்தோமே என்ற பற்றினால் குறையை மறைக்கவில்லை. அவற்றை அகற்றிவிட்டு, பேர்ன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பனியின் பிக்கப்புகள் மூன்றை வாங்கிப் பொருத்தினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆளிகளை அமைத்தமையால் பலவகைப்பட்ட நாதங்களைப் பெற முடிந்தது. தாமே செய்யத்தக்கது எது, வாங்கத்தக்கது எது என்று பிரித்தறிவதும் கைவினைஞனுக்கு வேண்டிய அறிவே.

இறுதியாக மெருகு. இங்கேதான் முதன்முறை செய்வோர் பலர் பொறுமை இழக்கின்றனர். வாத்தியம் உருவாகிவிட்டது, வாசிக்கக் கை துடிக்கிறது. ஆயினும் மரத்தை அதன் இழையோட்டத்தின் வழியே மணற்கடதாசியால் தேய்க்க வேண்டும். முதலிலே கரடானது, பின்னர் மென்மையானது என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். ஆரம்பத்திலே விட்ட கீறல் பூச்சின் கீழே மறையாது. பளபளப்பு ஏற ஏற முன்னிலும் தெளிவாகத் தெரியும். பூச்சைத் தடிப்பாக ஒருமுறை பூசுவதிலும் மெல்லியதாகப் பலமுறை பூசுவதே நன்று. ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்தபின் தேய்த்து, மீண்டும் பூச வேண்டும். பிரயனின் கிற்றாருக்கு மரத்தளவாடங்களுக்கு இடும் ஒருவகைப் பிளாத்திக்குப் பூச்சை இட்டார்கள். அதன் கீழே மகோகனியின் செந்நிறம் ஒளிவிட்டது. அந்நிறம் பற்றியே அதற்குச் 'செந்நிறச் சிறப்புக் கிற்றார்' என்று பொருள்படும் ரெட் ஸ்பெஷல் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

நேயர்களே, கதை இங்கே முடிந்திருந்தால் இது ஒரு கைவினைக் குறிப்பாகவே இருந்திருக்கும். ஆனால் பின்னர் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். பிரயன் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே பௌதிகம் பயின்று, விண்வெளித் தூசி பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயத் தொடங்கினார். அதேவேளை, 1970 இல் உருவான குயீன் இசைக்குழுவிலும் சேர்ந்திருந்தார். குழு வளர்ந்தது, ஆராய்ச்சி 1974 அளவில் நின்றது. கிற்றாரைச் செய்யத் தோள்கொடுத்த அதே தந்தைக்கு அது பெருந்துயரமாயிற்று. இத்தனை ஆண்டு படித்த படிப்பை எறிந்துவிட்டு மகன் இசைக்குழுவோடு அலைவதா என்று மனம் நொந்தார். தந்தைக்கும் மகனுக்குமிடையே பேச்சுக் குறைந்தது. ஒரே மேசையிலே குனிந்து வேலைசெய்த இருவரிடையே அந்த மௌனம் எத்துணைப் பாரமாயிருந்திருக்கும்! பின்னர் ஒருநாள், நியூயோர்க்கின் பெயர்பெற்ற மடிசன் சதுக்க அரங்கிலே குழு வாசித்தபொழுது, மகன் பெற்றோரை அங்கே அழைத்துச் சென்றார். நிறைந்த சபையிலே தம் கை பட்ட கிற்றார் முழங்குவதைத் தந்தை கேட்டார். நிகழ்ச்சி முடிந்ததும், மகனைத் தாம் இப்பொழுது புரிந்துகொண்டதாகக் கூறினார்.

ஹரல்ட் மே 1988 இல் காலமானார். மகன் கைவிட்ட ஆராய்ச்சியை மீண்டும் எடுத்து 2007 இல் கலாநிதிப் பட்டம் பெற்றதைக் காண அவர் இருக்கவில்லை. ஆனால் அவர் செய்ய உதவிய கிற்றார் இருந்தது. 2002 ஆம் ஆண்டு யூன் மாதம், எலிசபெத் மகாராணியாரின் பொன்விழாவின்போது, பக்கிங்காம் அரண்மனையின் கூரைமீது நின்று பிரயன் மே பிரித்தானிய நாட்டுக் கீதத்தை வாசித்தார். அவர் கையிலே இருந்தது அதே கணப்புப் பலகை; அதே மேசை மரம்; அதே பொத்தான்கள்.

உங்கள் வீட்டிலே பிள்ளையொருவர் எதையேனும் செய்யத் தொடங்கினால், பலகையின் மறுமுனையைச் சற்றுப் பிடித்துக்கொடுங்கள். அவர் அதனைக் கொண்டு எங்கே செல்வார் என்பது உங்கள் விருப்பப்படி அமையாமற் போகலாம். ஆயினும், சேர்ந்து செய்த பொருள் இருவருக்கும் நடுவிலே இருந்துகொண்டேயிருக்கும்.