பெரிய மீனை விட்டுடலாமா? அலாஸ்காவின் ஹாலிபட் வேட்டை

இன்னைக்கு அலாஸ்காவுக்குப் போறோம். அங்கே ஹோமர்னு ஒரு சின்ன துறைமுக ஊர். கோடை வந்தால் தூண்டில் போட ஆசைப்படுறவங்க காசு கட்டி படகு ஏறுவாங்க. எல்லாருக்கும் ஒரே குறி: ஹாலிபட்.

நம்ம மார்க்கெட்டில் நாக்கு மீன் பார்த்திருப்பீங்க இல்லையா? அதே தட்டை மீன் வகையறாதான், சைஸ்தான் வேற லெவல். 1996-இல் டச்சு ஹார்பர் பக்கம் தூண்டிலில் மாட்டிய ஒன்று 459 பவுண்டு, அதாவது சுமார் 208 கிலோ! குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்கள் மாதிரி தலைக்கு ரெண்டு பக்கமும் கண் இருக்கும். வளரும்போது பொதுவாக இடது கண் தலையைத் தாண்டி வலது பக்கம் வந்துடும். அப்புறம் கண் இல்லாத பக்கத்தைத் தரையில் வைத்து, மண்ணோடு மண்ணாகப் படுத்து இரைக்குக் காத்திருக்கும்.

நீரோட்டம் வலுவா இருக்கும். அதனால் கனமான ஈயக்குண்டு கட்டி, மத்தி மாதிரியான ஹெர்ரிங் மீனையோ ஆக்டோபஸ் துண்டையோ இரையாக்கி, கடல் தரை வரைக்கும் இறக்கணும். முள் வட்டமா உள்பக்கம் வளைந்திருக்கும். மீன் கடித்ததும் நம்ம கை தானா சுண்டி இழுக்கப் பார்க்கும். அதைச் செய்யக்கூடாது. மீன் திரும்பி நகரும்போது முள் அதன் வாயோரத்தில் தானாகவே மாட்டிக்கும். தொண்டைக்குள் போகாது.

இனிமேதான் விஷயமே. பிரம்மாண்டமான ஹாலிபட் கிட்டத்தட்ட எல்லாமே பெண் மீன்கள். ஆண் அந்த அளவுக்கு வளர்வதே அபூர்வம். பெரிய பெண் மீன் ஒரு சீசனில் பல லட்சம் முட்டை போடும். ஆக, போட்டோவுக்காக நாம் தேடுற அந்த 'ட்ராஃபி'தான் அடுத்த தலைமுறையின் தாய்.

சியாட்டலில் இருக்கிற என் காலேஜ் ஃப்ரெண்ட் அடுத்த ஜூலையில் அங்கே போறான். இதைச் சொன்னதும், "டேய், இவ்ளோ காசு கட்டிட்டு மீனை விடச் சொல்றியா? நான் ஒருத்தன் விட்டா கடல் நிரம்பிடுமா?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். வணிகப் படகுகளும் ஹாலிபட் பிடிக்குது. மொத்தக் கணக்கைப் பார்த்துக்கத்தான் அமெரிக்காவும் கனடாவும் 1923-லேயே ஒப்பந்தம் போட்டாங்க. இவன் ஒருத்தன் விடுறதால் அந்தக் கணக்கு மாறாது.

ஆனா இந்த மீனை விடுறது வீண் போகாது. பல ஆழ்கடல் மீன்களை மேலே இழுத்தால், உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதி அதுங்க அடிபட்டுடும். ஹாலிபட்டுக்குக் காற்றுப்பையே இல்லை. வாயோரத்தில் மாட்டிய முள்ளைப் படகுக்குள் தூக்காமலே கழற்றினால், தெம்பா நீந்திப் போயிடும். சாப்பிடவா? அங்கே 'சிக்கன்'னு செல்லமா கூப்பிடுற சின்ன ஹாலிபட்தான் ருசி என்று பலர் சொல்றாங்க.

அதனால் அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். பெரிய மீன் துள்ளினால் ஆளை அடித்துப் போடும் என்பதால், படகோரம் வந்ததுமே ஹார்ப்பூனால் குத்திடுவாங்க, சில படகில் சுட்டுடுவாங்க. அந்த நொடியில் யோசிக்க நேரம் இருக்காது. எந்த சைஸுக்கு மேல் விடணும்னு தூண்டில் இறக்கும் முன்னாடியே கேப்டனிடம் பேசிடுங்க.

நீங்களா இருந்தா விடுவீங்களா? கமெண்டில் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!