இரத்தத்தில் ஏறும் துரு
(திருப்பாதிரிப்புலியூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லோடு கடலில் விடப்பெற்ற அப்பரடிகள் கரையேறிய தலம் இதுவென்பர். இங்குக் கூடிய நாம் இன்று ஆராயப் புகுவது, நம் குடும்பங்களிற் சிலவற்றை அமிழ்த்தும் வேறொரு பாரத்தைப் பற்றியதாகும்.

கடலூர் முதுநகர்த் துறையில் உப்புக்காற்றுப் படும் இரும்பு துருவேறுதலை நாம் அறிவோம். அதனையொத்த வினை உடலினுள்ளும் நிகழ்கின்றது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பர் மருத்துவர். நலமுள்ள உடல் அதனை அடக்கியாளும். தலசீமியா என்னும் பரம்பரை நோயிலோ அவ்வாற்றல் போதாது. ஹீமோகுளோபினை ஆக்கும் இருவகைப் புரதச் சங்கிலிகளுள் ஒன்று குறைய, மற்றொன்று துணையின்றித் திரள்கின்றது. அதினின்று வெளிப்படும் இரும்பு, வீறுமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிறப்பித்துச் சிவப்பணுவின் சவ்வைச் சிதைக்கின்றது. சோகை முற்றவே, குழந்தைக்கு ஆயுள்முழுதும் இரத்தம் ஏற்றல் வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. மிஞ்சியதை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. அது இருதயத்தையும் ஈரலையும் தாக்குமாதலின், இரும்பகற்றும் மருந்துகள் இன்றியமையாதன. சோகையென்றவுடன் சோதியாது இரும்பு டானிக்கு வாங்கிக் கொடுப்பது, இக்குழந்தைகளுக்குப் பாரத்தின்மேற் பாரமேயாம்.

இது பிறர்க்குரிய நோயென்று நாம் இருத்தலாகாது. அரிவாளணு என்னும் மற்றொரு பரம்பரை இரத்தக் குறையை, 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்போர் நம் நீலகிரிப் பழங்குடியினரிடைக் கண்டு வெளியிட்டனர். நாமோ அத்தை மகன், தாய்மாமன் என்று உறவினுள்ளேயே மணம் முடிக்கும் வழக்கினேம். ஒரே குறையைத் தாங்கிய இருவர் கூடுதற்கு இவ்வழக்கு இடந்தருகின்றது. தாங்கிகள் நோயின்றி நடமாடுவர். எனினும் அவ்விருவர்க்கும் பிறக்கும் ஒவ்வொரு மகவும் நோயுறுதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.

நாம் அறிந்த ஒரு வீட்டில், குழந்தை வெளுத்து நலிந்தபோது மருமகளின் ராசியைப் பழித்தனர். இஃது அறியாமை. குறை தாயிடமிருந்து மட்டுமன்று, தந்தையிடமிருந்தும் வந்தது.

ஜாதகம் பார்க்கும் நாம், திருமணத்திற்கு முன் ஹீமோகுளோபின் சோதனையும் செய்வித்தல் வேண்டும். தாங்கியாயிருத்தல் இழுக்கன்று, எக்குறையுமில்லாரை மணப்பின் மக்கட்கு அந்நோய் முற்றுவதில்லை. சோதனையின் முடிவைக் கொண்டு எப்பெண்ணையும் ஒதுக்காதிருப்பதும் நம் கடனே. நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் இரத்ததானம் செய்தலும் கடமையாம். இவ்விரண்டையும் தீர்மானமாக ஏற்குமாறு சங்கத்தாரை வேண்டி அமர்கின்றோம்.