குழுவும் பதிவும்

(நம் சங்கத்து இளைஞர் கணினிக் குழுவினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் சங்கக் கட்டடத்து மாடியில் ஞாயிறுதோறும் கூடி, பழுதுற்ற கணினிகளைச் செப்பஞ் செய்து ஏழை மாணவர்க்கு வழங்கிவரும் இளைஞர் குழுவைச் சட்டப்படி பதிவு செய்து, தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் முதலியோரை நியமித்தல் வேண்டுமா, இப்பொழுதுள்ளபடியே விட்டுவிடலாமா என்னும் வினாவிற்கு விடை கூறுமாறு என்னைப் பணித்தனர். கணினி நூலில் யான் வல்லேனல்லேன். சங்கங்களைப்பற்றிச் சிறிது அறிவேன். சங்கங்களில் விளையும் வழக்குகளைப்பற்றி அதனினும் மிகுதியாக அறிவேன்.

பதிவு வேண்டாவென்பார் கூற்றை முதற்கண் ஆராய்வோம். இன்று வேலை தெரிந்தவன் சொல்லுகிறான், ஏனையோர் கேட்கின்றனர். நாளை நாற்காலியில் அமர்ந்தவன் சொல்லுவான், வேலை தெரிந்தவன் வீட்டிற்குப் போய்விடுவான் என்பதே அவர்தம் அச்சம். இவ்வச்சம் வீணன்று. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், 1975-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5-ஆம் நாள், ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் கணினி விருப்பினர் சிலர் கூடினர். ஹோம்புரூ கணினிக் கழகம் எனப் பின்னர்ப் பெயர்பெற்றது அக்கூட்டமே. அங்கு வந்தோர் தாந்தாம் அறிந்ததை ஒளியாது பிறர்க்கு உரைத்தனர். ஸ்டீவ் வோஸ்னியாக் என்பார் தாம் வகுத்த ஆப்பிள் கணினியின் வரைபடத்தை அவர்க்கே முதலிற் காட்டினார். அத்துணைப் பெருங்காரியம் நிகழ்ந்தது கேள்வியின் பயனாலன்றி அதிகாரத்தின் பயனால் அன்று. அக்கழகம் 1986-இல் மறைந்தது.

நிற்க. பேச்சும் கேள்வியும் மட்டும் உள்ள இடத்திற்கு இது பொருந்தும். பொருளும் பெயரும் சேர்ந்துவிட்ட இடத்தில் நிலைமை வேறாகிறது. நம் குழுவின் நிலையைப் பாருங்கள். நன்கொடையாக வந்த கணினிகள் ஒருவர் வீட்டுத் திண்ணையிலும் மற்றொருவர் கடையின் பரண்மேலும் இருக்கின்றன. நன்கொடைப் பணம் ஓர் இளைஞரது சொந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. குழுவின் வலைத்தளப் பெயர் இன்னோர் இளைஞர் பெயரில் பதிவாகியுள்ளது. கடவுச்சொல்லும் அவர் ஒருவர்க்கே தெரியும். இவர்களுடைய நேர்மையில் எனக்கு ஐயம் சிறிதுமில்லை. ஆனால் நேர்மையாளர்க்கும் நோய் வரும்; நேர்மையாளர்க்கும் வெளிநாட்டு வேலை வரும்.

1995-ஆம் ஆண்டில் எண்மர், இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய வலைத்தள வழங்கி மென்பொருளுக்குத் தாந்தாம் செய்த திருத்தங்களைக் கடித வாயிலாகப் பரிமாறத் தொடங்கினர். அப்பாச்சி என்னும் பெயருடன் ஓராண்டிற்குள் அது உலகில் மிகுதியாக வழங்குவதாயிற்று. 1998-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் அதனைத் தம் விற்பனைப் பொருளோடு சேர்க்க விரும்பினர். ஒப்பந்தம் செய்யவேண்டிய கட்சி யாரென்று வினவின், விடை கூற ஒருவரும் இலர்! ஏனெனின் சட்டத்தின் கண்ணுக்கு அக்குழு என்றொன்று இல்லை. 1999-இல் அவர்கள் ஓர் அறநிறுவனமாகப் பதிவு செய்துகொண்டனர். பெயரையும் பணத்தையும் காத்தல், உறுப்பினர்மேல் வழக்கு வாராமற் காத்தல் ஆகியவற்றை நிறுவனம் ஏற்றது. மென்பொருளில் எதனைத் திருத்துவது என்பதனை மட்டும், முன்போலவே வேலை செய்வோரே தம்முள் வாக்களித்து முடிவு செய்கின்றனர். நிருவாகக் குழுவார் அதில் தலையிடுவதில்லை. இப்பிரிவினையே யான் உங்கட்குக் காட்ட விரும்புவது: பெட்டிக்குப் பூட்டு வேண்டும், கைக்கு விலங்கு வேண்டா.

டெபியன் என்னும் லினக்ஸ் குழுவினர் வேறொரு வழி கண்டனர். 1993-இல் தொடங்கிய அவர்கள், குழுவைப் பதிவு செய்யாது, பொருளையும் பெயரையும் காத்தற்கென்றே 1997-இல் நியூயார்க்கு மாநிலத்தில் தனியொரு சங்கத்தை நிறுவினர். மறுவருடம் தமக்கென ஒரு சட்டத்திட்டமும் எழுதிக்கொண்டனர். அத்திட்டத்தின்படி எவரும் வேலை செய்யக் கடமைப்பட்டவரல்லர். ஒப்படைத்த வேலையை விரும்பாதவர் விட்டுவிடலாம். இதனை எழுதியவர் தொண்டர் இயல்பை நன்குணர்ந்தவரென்பதில் ஐயமில்லை.

பதிவால் ஆயுள் நீளும் என்று யான் சொல்லவில்லை. நம் சென்னையில் 1924-ஆம் ஆண்டு ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் அமைத்த சென்னை மாகாண ரேடியோக் கழகம் அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் ஒடுங்கிற்று. ஆயினும் அதன் ஒலிபரப்பி பழைய இரும்புக் கடைக்குச் செல்லவில்லை. கழகத்தார் அதனை நகராண்மைக் கழகத்திற்கு அளிக்க, 1930 முதல் நகராண்மையார் ஒலிபரப்பை நடத்தினர். 1938-இல் அகில இந்திய ரேடியோ நிலையம் சென்னையில் ஏற்பட்டது. மறையும்போது முறையாக ஒப்படைப்பதற்கும் ஓர் அமைப்பு வேண்டியிருக்கிறது.

இனி நாம் செய்யவேண்டுவது யாது? 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி எழுவர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். உறுப்பினர் தொகையும் வரவு செலவும் ஓரளவைக் கடப்பின் பதிவு கட்டாயமாதலும் உண்டு. அதனை வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தபின் ஆண்டுதோறும் பொதுக்கூட்டமும் கணக்குச் சமர்ப்பித்தலும் உண்டு. இவற்றை மறந்து உயிரிழந்த சங்கங்கள் பல.

"நம் சங்கமே பதிவு பெற்றதன்றோ? அதன் கிளையாகிவிட்டால் என்ன?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். எளிய வழிதான், ஆயின் ஓர் இடர்ப்பாடு. ஞாயிறன்று மாடிக்கு வருவோரிற் பலர் நம் சமூகத்தினரல்லர். நம் விதிகளின்படி அவர்கள் உறுப்பினராதல் இயலாது. கிளையாக்கினால், மூன்றாண்டுகளாகக் கையில் மசகு படிய உழைத்தவர் வாக்கில்லாதவராவார். ஒருநாளும் படியேறாதவர் நம் இனத்தவர் என்பதனால் வாக்குடையவராவார். இதற்கு யான் இசையேன். சபையோர் என்னைக் கோபித்துக்கொண்டாலும் சரியே.

ஆதலின், குழுவினர் தனிச் சங்கமாகப் பதிவு செய்துகொள்க, எச்சமூகத்தவர்க்கும் இடமிருக்க. பதிவு முடியுங்காறும் பொருளை மட்டும் நம் சங்கம் தனிப் பேரேட்டில் எழுதி நம்பிக்கைப் பொருளாகக் காத்து, முடிந்தவுடன் திருப்பித் தருவதாக நிருவாக சபையார் தீர்மானம் எழுதித் தரல்வேண்டும். வேலையில் தலையிடுவதில்லை என்பதும் அதில் இருக்கட்டும்.

முதலில் வேண்டுவது கணக்கெடுப்பு. வரும் ஞாயிறன்று திண்ணையிலும் பரண்மேலும் உள்ள கணினிகளை எண்ணி, கொடுத்தவர் பெயருடன் எழுதுங்கள். வலைத்தளப் பெயரை வைத்திருக்கும் இளைஞர் ஆவணியில் கனடாவிற்குப் புறப்படுகிறார். அதற்குள் கடவுச்சொற்களை எழுதி உறையிலிட்டு இருவரிடம் ஒப்படைப்பதாக இன்று காலை எனக்கு வாக்களித்துள்ளார்.