கடைசி மூட்டையின் கணக்கு



மேனிலை வகுப்பிற்குப் பொருளியல் கற்பித்த நாளில் நான் செய்த பிழை ஒன்றைக் கூறுகிறேன். ஓர் ஏக்கர் வயலுக்கு மூன்று மூட்டை யூரியா இட்டதனால் விளைச்சல் 9 மூட்டை நெல் கூடியதாகக் கொண்டு, உரமூட்டை ஒன்றுக்கு நெல் 3 மூட்டை என்று கரும்பலகையில் வகுத்துக் காட்டினேன். உழவர் மகன் ஒருவன் அக்கணக்கை வீட்டிற்கு எடுத்துச் சென்றான். நான்காவது உரமூட்டையும் மூன்று தரும் என்றான். தந்தை உரக்கடையில் கடன் சொல்லி வாங்கி இட்டார். பயிர் கரும்பச்சையாய்த் தழைத்தது. கதிர் முற்றுமுன் சாய்ந்தது. "நாலாவது மூட்டை ஒன்றும் தரவில்லையே, ஐயா" என்று அவன் கேட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை.

அந்த ஒன்பதும் சமமாக வந்தவை அல்ல. முதல் உரமூட்டை 5, இரண்டாவது 3, மூன்றாவது 1 என்று தந்திருக்கலாம். ஒவ்வொன்றும் புதிதாகக் கூட்டிய இந்த அளவே இறுதிநிலை உற்பத்தி. நான் காட்டியதோ வெறும் சராசரி. நிலமும் நீரும் வெயிலும் கூடாதிருக்கத் தழைச்சத்து ஒன்றையே கூட்டினால் தாள் நீளும், மணி பெருகாது. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டுத் தூர்கோ என்பவர், எடை ஏற்ற ஏற்ற இறங்க மறுக்கும் வில்சுருளுக்கு இதனை ஒப்பிட்டார்.

மூன்றாவது உரமூட்டை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். அது தந்த நெல்லின் விலை, உரவிலையையும் இடுகூலியையும் விஞ்சினால் இலாபமே. மானிய விலையில் யூரியா மலிவாகக் கிடைப்பதால் நம் உழவர் கை சற்றே தாராளமாகிவிடுகிறது.

அவ்வுழவருக்கு மேட்டில் இன்னொரு துண்டு நிலமும் இருந்தது. அதற்கு உரமே இடவில்லை. அங்கே முதல் உரமூட்டை 4, இரண்டாவது 2 தரும் எனக் கொள்வோம். நான்கையும் ஒரே வயலில் கொட்டினால் 9. இரண்டிரண்டாகப் பகிர்ந்தால் 14. உரம் அதே உரம். உழைப்பும் ஏறக்குறைய அதே உழைப்புத்தான்.

மறுவாரம் அம்மாணவனையே அழைத்து இக்கணக்கை எழுதச் சொன்னேன். என் பழைய வகுத்தலை அழித்துவிட்டு எழுதியவன், இறுதியில் சாக்குக்கட்டியோடு திரும்பி, "கடன் வட்டியையும் உரவிலையோடு கூட்ட வேண்டுமா, ஐயா?" என்றான். கூட்டச் சொன்னேன்.