அகவைக்கு ஊரெல்லை உண்டோ?



சென்னையில் வாழும் 60 அகவை நிரம்பிய முதியோர் மாநகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லத் திங்களுக்குப் 10 பயண வில்லைகள் பெறும் திட்டம் 2016-இல் தொடங்கப்பெற்றது. நன்று! 2021-இல் தமிழகமெங்கும் இயல்புக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதனினும் நன்று! ஆங்கே எவ்வூரினர் என எவரும் வினவுவதில்லை.

ஆனால், சிற்றூரில் ஏர்பிடித்தே கூன்விழுந்த முதியவர் நிலை என்ன? மருத்துவமனைக்குச் செல்ல, மடியவிழ்த்துக் காசெண்ணுகிறார். மாநகரில் நரைத்த தலைக்கு ஒரு நயன்மை. வயற்காட்டில் நரைத்த தலைக்கு வேறொன்றா? முதுமைக்குச் சான்று அகவையே, முகவரியன்று. சென்னை முதியவர்க்கு உள்ளது சிற்றூர் முதியவர்க்கும் ஆகுக! கொடையாக அன்று, உழைத்தோர்க்குரிய உரிமையாக!