வீடு நம்ம பேரில், மண் எல்லார் பேரிலும்

 நான் பத்தாவது வரை படிச்சவள். வீடு பற்றிப் பேசச் சொன்னார்கள். வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணைப் பற்றிப் பேசுகிறேன்.

வீடு கட்ட அரசு பணம் தருகிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். ஆனால் பட்டா வேண்டும். என் நாத்தனார் மூணு பிள்ளைகளோடு வாய்க்கால் கரையில் குடியிருக்காங்க. பட்டா இல்லை, அதனால் பட்டியலில் பேரும் இல்லை. மூணு சென்ட் வாங்கலாம் என்றால், மனை விலை வீடு கட்டுகிற செலவைத் தாண்டி நிற்கிறது.

பட்டா கிடைத்தவர்கள் கதையும் நமக்குத் தெரியும். எங்க தெருவில் இலவச மனை வாங்கிய நாலு குடும்பத்தில் ரெண்டு குடும்பம், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் அதைக் கைமாற்றிவிட்டு இன்று வாடகைக்கு இருக்கிறது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நெருக்கடி வந்தால் முதலில் கையை விட்டுப் போவது மண்தான்.

இதை நம் நாட்டில் முன்பே யோசித்திருக்கிறார்கள். 1951-ல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூதானத்தைத் தொடங்கினார். தானமாக வந்த நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏர் இல்லை, விதை இல்லை என்று கடன் வாங்கி, சிலர் அந்த நிலத்தையும் இழந்தார்கள். அடுத்து வந்தது கிராமதானம். அதில் நிலத்தின் உரிமை ஊர்ச் சபைக்கு. குடும்பம் உழுது சாப்பிடலாம், பிள்ளைகளுக்கும் விடலாம், வெளியாளுக்கு மட்டும் விற்க முடியாது.

இந்த யோசனை கடல் தாண்டிப் போனது. கிராமதானத்தைக் கேள்விப்பட்ட ராபர்ட் ஸ்வான் என்பவரும், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பின உரிமைப் போராளிகளும் சேர்ந்து 1969-ல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்று ஒரு நில அறக்கட்டளை தொடங்கினார்கள். அந்த நாட்டில் இப்படிப்பட்ட முதல் அறக்கட்டளை அதுதான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் ஊரில் 1984-ல் இதே முறையில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. மண் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதன் மேல் நிற்கிற வீடு குடும்பத்துக்குச் சொந்தம். மண்ணுக்கு நீண்ட காலக் குத்தகைப் பத்திரம் உண்டு, அது பிள்ளைகளுக்கும் போகும். மண்ணின் விலை கழிந்துவிடுவதால் வீடு கைக்கு எட்டுகிறது. விற்கும்போது போட்ட பணம் திரும்ப வரும். விலை ஏறியதில் 25 சதவீதமும் வரும். நம்ம கணக்கில் சொன்னால், 6 லட்சத்துக்கு வாங்கிய வீட்டின் மதிப்பு 4 லட்சம் கூடினால், விற்கிறவருக்கு 7 லட்சம். அடுத்து வருகிற ஏழைக் குடும்பம் 10 லட்சம் தேட வேண்டியதில்லை.

நில வங்கி வேறு. அது மண்ணைச் சேர்த்து, வில்லங்கம் தீர்த்துக் கொடுக்கிற இடம். மிச்சிகன் மாநிலத்து பிளின்ட் நகரில் கார் கம்பெனி வேலைகள் போனதும் ஜனங்கள் வெளியேறினார்கள். வரி பாக்கியில் கிடந்த வீடும் மனையும் ஏலத்தில் வியாபாரிகள் கைக்குப் போயின. 2003-ல் மாநிலம் நில வங்கிச் சட்டம் போட்டது. அதன் பிறகு மாவட்ட நில வங்கி அவற்றை எடுத்து, இடிந்ததை அகற்றி, நல்லதைப் பழுதுபார்த்துக் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கிறது.

“மண்ணு நம்மது இல்லைன்னா வீடு எப்படிடி நம்மதாகும்?” என்று என் மாமியார் கேட்டாங்க. நியாயமான கேள்வி. நான் சொன்னேன்: “அத்தை, நம்ம குழு சேமிப்பை யாரும் தனியா எடுத்துட்டுப் போக முடியாது. ஆனா அதை வெச்சுத்தானே மாடு வாங்கினோம்? மாடு நம்மதுதானே?” யோசிச்சுட்டு, “கணக்கு நோட்டு சரியா இருந்தா சரிதான்” என்றாங்க. அதுவும் சரிதான். பொதுச் சொத்துக்குக் கணக்கு நோட்டுதான் வேலி. கடனும் பார்த்து வாங்க வேண்டும். நான் சொன்ன அந்த ஜார்ஜியா நிலமே வறட்சியிலும், நிறம் பார்த்துக் கடன் மறுக்கப்பட்டதிலும் 1985-ல் கடனுக்குப் போய்விட்டது.

நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நாகை, திருவாரூர் பக்கம் நிலச்சுவான்தார்களிடம் பேசி நிலம் வாங்கி, கூலிக்காரப் பெண்கள் பேரிலேயே எழுதிக் கொடுத்தார்.

நம் கூட்டமைப்பு மூணு வேலை செய்யலாம். ஒன்று, மனை இல்லாத குடும்பங்களின் பட்டியலை ஒவ்வொரு குழுவும் எழுதட்டும். ரெண்டு, அதை அடுத்த கிராமசபையில் தீர்மானமாக வைத்து, பெண்கள் பேரில் மனைப்பட்டா கேட்போம். மூணு, கிடைத்த மனையை அவசரத்துக்கு விற்க நினைக்கிற சகோதரி முதலில் குழுவில் சொல்லட்டும். கடன் கொடுத்து அந்த மண்ணைக் காப்பாற்ற நம்மால் முடியும்.

பட்டியலில் முதல் பேராக என் நாத்தனார் பேரை நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். உங்க தெருப் பேர்களையும் கொண்டுவாங்க.