சோறு வந்த வழி, நீர் வந்த வழி



தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு நம் ஒரத்தநாடு நடுவழி. இருநூறு வருஷத்துக்கு முன்னாலும் அப்படித்தான். ராமேசுவரத்துக்குக் கால்நடையாகப் போனவர்கள் இங்கேதான் மூட்டையை இறக்கினார்கள். அவர்களுக்காக இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பியது முக்தாம்பாள் சத்திரம். மன்னரின் அன்புக்குரிய அந்த அம்மாள், உயிர் பிரியும் நேரத்தில் தன் பெயரால் ஓர் அன்னசத்திரம் வேண்டும் என்று கேட்டதாக நம் பாட்டிமார் சொல்லுவார்கள். ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயர் வந்தது.

சத்திரம் என்றால் வெறும் திண்ணையும் இலைச்சோறும் என்று எண்ணாதீர்கள். தஞ்சைச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை சரபோஜியே 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதியிருக்கிறார். எந்தச் சாதிக்காரர் வந்தாலும் சாப்பாடு. நோயில் விழுந்தால் வைத்தியர், மருந்து. வழியில் வலி கண்ட கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம். உடம்பு தேறும்வரை தங்கலாம். பெற்றவர்களை இழந்த பிள்ளைக்குச் சோறும் படிப்பும். யாரென்றே தெரியாத ஒருத்தியின் பிரசவத்துக்கு ஓர் அரசு பொறுப்பேற்றது, ஐயா! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்குகிறது.

சோறு போட்ட ஊருக்குத் தண்ணீர் தாராளமாக இருந்ததா? இல்லை. இது மேட்டு பூமி. காவிரியும் வெண்ணாறும் வடக்கே பள்ளம் பார்த்துப் போய்விட்டன. ஏரியையும் வானத்தையும் நம்பித்தான் நம் முன்னோர் விதைத்தார்கள். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததையொட்டித்தான் கல்லணைக் கால்வாய் வந்தது. தஞ்சை நகரத்துக்குள் புகுந்து, நம் வயல்களைத் தொட்டு, புதுக்கோட்டைச் சீமைவரை ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடுகிறது. தானாக வராத காவிரியை மனிதர்கள் மண்ணை வெட்டி அழைத்துவந்தார்கள். தொண்ணூறு வருஷமாகியும் அது நமக்குப் ‘புது ஆறு’தான்.

பிள்ளைகளே, சத்திரத்துச் சுவரில் யானையும் குதிரையும் தேர் இழுப்பதுபோல் கல்லில் நிற்கும். நாளைக் காலையில் போய்ப் பாருங்கள். வீட்டில் தொண்ணூறு வயதுத் தாத்தா இருந்தால், புது ஆற்றுத் தண்ணீரைப் பற்றி அவருடைய அப்பா என்ன சொன்னார் என்று கேளுங்கள். கேட்டதை எழுதிக்கொண்டு வாருங்கள். இந்த மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன்.